பற்றறியில் பழுதில்லை

செப்டம்பர் 6, சனி

வாத்திறைச்சி சாப்பிடாத, துப்பாக்கியைத் தொட்டும் பார்க்காத ஒருத்திக்கு வாத்துச் சுடுகிற இடம் எதற்கு? இன்று காலை பரமண்ணை இதைத்தான் கேட்டார், இதைவிட மரியாதையான சொற்களில். எனக்குப் பதில் தெரியவில்லை. "இடம் எங்கட பேரிலைதான் இருக்கும்" என்று மட்டும் சொன்னேன். சொன்ன பிறகு தேத்தண்ணி போடப் போய்விட்டேன்.

நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்கிறேன். ஈரி ஏரியின் கரையில் ஒரு சதுப்பு நிலம். வேட்டைக்காரர் கழகம் ஒன்றுக்குச் சொந்தம். நாணல் கட்டி மறைத்த சின்னச் சின்னக் குடில்கள் அங்கே தண்ணீருக்குள் நிற்கின்றன. அவற்றில் ஒன்று என் கணவர் கேதாரனின் பெயரில் இருக்கிறது. வருடக்கணக்காக வரிசையில் நின்று கிடைத்தது. பருவம் தொடங்கும் முதல் நாள், பெயருக்குரியவரோ அவர் வீட்டில் ஒருவரோ விடிந்ததிலிருந்து மதியம் வரை அந்தக் குடிலில் இருக்க வேண்டும். சுடத் தேவையில்லை, ஆள் இருந்தால் போதும். இல்லாவிட்டால் இடம் போய்விடும்.

கேதாரனுக்கு யூலையில் நெஞ்சைத் திறந்து சத்திரசிகிச்சை செய்தார்கள். குளிருக்குள் போகக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது.

பரமண்ணை அவருடைய பழைய வேட்டைக் கூட்டாளி. வாகனம் திருத்தும் கராஜ் வைத்திருக்கிறார். "என்ரை பேருக்கு மாத்தி விடுவம், தங்கச்சி. கேதாரன் சுகமான உடனை திருப்பித் தாறன்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் கழகத்தின் விதிகளை நேற்றே நான் வாசித்திருந்தேன். மாற்றலாம். திருப்பித் தர முடியாது. கேதாரன் மறுபடி வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும்.

"அப்ப ஆர் போறது?"

"நான்."

பரமண்ணை சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் விட்டிருப்பேனோ தெரியாது. "அங்கை பொம்பிளையள் வாறேல்லை, தங்கச்சி. ரொய்லெற்கூட இல்லை" என்றார்.

"விதியிலை அப்பிடி எழுதேல்லை."

"விதியில்லை. வழக்கம்."

செப்டம்பர் 7, ஞாயிறு

கேதாரன் கடிதப்பெட்டி வரை நடந்தார். இன்னும் தூரம் நடக்கச் சொல்லியிருக்கிறார் டொக்டர். திரும்பி வந்து யன்னலோரம் இருந்துகொண்டு, "குடுத்துவிடுவம் சுபத்திரா. நீர் ஏன் மினக்கெடுறீர்?" என்றார்.

"குடுத்தா நீங்கள் நடப்பீங்களோ?"

அந்த ஏரியைப் பற்றிப் பேசும்போது மட்டும்தான் யூலைக்குப் பிறகு அவருடைய குரல் பழைய குரலாக இருக்கிறது. அதை அவரிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

மோட்டார் வாத்துகளை வெளியே எடுத்தேன். மூன்று. பிளாஸ்டிக் உடம்பு, வயிற்றுக்குள் பற்றறியும் மோட்டாரும். கம்பியில் குத்தித் தண்ணீருக்கு மேல் நிறுத்தினால் சிறகு இரண்டும் சுழலும். மேலே பறந்து போகிற வாத்துகள், கீழே தங்கள் ஆட்கள் இறங்குகிறார்கள் என்று நினைத்து வரும். வந்தால் சுடுவார்கள். இவ்வளவுதான் வேட்டை. இதில் வீரம் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை கேதாரனைக் கேட்டேன். "வீரம் எண்டு ஆர் சொன்னது?" என்றார்.

ஆண் வாத்துக்கு மாப்பிள்ளை, பெட்டைக்குப் பொம்பிளை, மூன்றாவதற்குத் தோழன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாணல் குடிலுக்குப் பெயர் பங்கர், ஊரில் குண்டுவீச்சுக்கு ஒளித்த பதுங்குகுழியின் பெயர். பங்கருக்குள் இருப்பதற்காக லீவு எடுத்துக்கொண்டு போகிற மனிதர்களை எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் யாராவது கேள்விப்பட்டிருந்தால் விசர் என்றிருப்பார்கள்.

கேதாரன் போகத் தொடங்கிய முதல் வருடத்திலிருந்தே பற்றறிகள் என் பொறுப்பு. கேட்டு வாங்கிய பொறுப்பில்லை. நான் பேராதனையில் மின் பொறியியல் படித்தவள். ஆஸ்பத்திரிகளுக்கு அவசர மின்சாரப் பெட்டி செய்கிற தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவைப் பார்க்கிறேன். நான் கையெழுத்து வைத்த பெட்டி ஒன்று நின்றால் ஆட்கள் சாகலாம். இதுவரை ஒன்றும் நிற்கவில்லை. ஆனால் ஒவ்வொரு இலையுதிர் காலமும் இந்த மூன்று வாத்தும் நிற்கும். இருட்டோடு போய் மதியம் திரும்பிவந்து, "விடியவே செத்துப்போச்சுது" என்பார்கள். இரவு சாப்பிடும்போது கேதாரன் கோப்பையைப் பார்த்துக்கொண்டே, "இந்த முறை வடிவாச் சார்ஜ் போட்டனீரோ?" என்பார்.

புதுப் பற்றறி வாங்கினேன். அதே கதை. சார்ஜரை மாற்றினேன். அதே கதை. பரமண்ணையின் மனைவி ஒரு கலியாண வீட்டில் என்னைப் பார்த்து, "பற்றறி அக்கா" என்று பகிடி விட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

நான் மாற்றிப் பார்க்காதது அந்த ஏரி ஒன்றைத்தான்.

செப்டம்பர் 10, புதன்

மாப்பிள்ளையை பேஸ்மென்டில், சூடாக்கிக்குப் பக்கத்தில் நிறுத்தி ஓடவிட்டேன். வேலையால் வந்து பார்த்தபோதும் ஓடிக்கொண்டிருந்தார். பழுதில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

பொம்பிளை, தோழன். பழுதில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

எனக்கு அங்கே போட எதுவும் இல்லை. குளிர்காலக் கோட்டுகள் எல்லாம் கறுப்பும் சிவப்பும். நாணல் நிறம் வேண்டுமாம், இல்லாவிட்டால் வாத்துக்குத் தெரிந்துவிடுமாம். கேதாரனின் வேட்டைக் கோட்டைத்தான் போட வேண்டும்.

அந்தக் கோட்டை நான் வீட்டுக்குள் விடுவதில்லை. கராஜில் ஆணியில் தொங்குகிறது. சேறு என்று காரணம் சொல்லி வைத்திருக்கிறேன். சேறும் இருக்கிறதுதான். நெஞ்சுப் பக்கத்தில் தேங்காயெண்ணெய் மணக்கும். நான் தலைமயிரைக் கட்டையாக வெட்டி, எண்ணெய் வைப்பதை நிறுத்திக் கனகாலம். சமையலுக்கும் எங்கள் வீட்டில் தேங்காயெண்ணெய் இல்லை. ஊரில், இருபாலையில், அம்மா தலை வாரி இழுத்துவிடும்போது இருந்த மணம் அது. அந்தக் கோட்டில் அது எந்தத் தலையிலிருந்து வந்தது என்று நான் கேட்டதில்லை. கேட்டால் பதில் வரும்.

இன்று போட்டுப் பார்த்தேன். கை நீளம். மடித்து ஊசி குத்தினேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

தயாபரன் வந்தான். மூன்று பேர் கூட்டத்தில் இளையவன், நாற்பது வயதிருக்கும், தபால் திணைக்களத்தில் வேலை. பருவம் தொடங்கும் முன்பு வாத்துகள் பரமண்ணையின் கராஜுக்குப் போக வேண்டும். அவர் மோட்டாரைக் கழற்றித் துடைத்து எண்ணெய் விட்டுப் பூட்டுவார். அது அவருடைய பங்கு. சார்ஜ் என்னுடைய பங்கு. ஒருவர் பங்கில் மற்றவர் கை வைப்பதில்லை.

"உண்மையா வரப்போறியளோ அக்கா?"

"ஓம்."

"பரமண்ணை நித்திரை கொள்ளேல்லையாம். பொம்பிளை ஒராள் பங்கருக்குள்ளை இருந்தா தூசணம் கதைக்கேலாது எண்டு கவலைப்படுறார்."

"கதைக்கச் சொல்லு. நான் கம்பசிலை ராகிங்கிலை கேக்காததையோ அவர் சொல்லப்போறார்?"

மாப்பிள்ளையைக் கழுத்தில் பிடித்துத் தூக்கினான். பரமண்ணை என்ன எண்ணெய் விடுகிறார் என்று கேட்டேன். சும்மாதான் கேட்டேன்.

"அது அவரின்ரை ரகசியம். கோயில் தீர்த்தம் மாதிரி. வாங்கினாச் சரி, விளக்கம் கேக்கக்கூடாது."

செப்டம்பர் 23, செவ்வாய்

கேதாரன் இன்று நடக்கவில்லை.

செப்டம்பர் 24, புதன்

பரமண்ணை தொலைபேசியில் அழைத்து, என்னோடு அல்ல, கேதாரனோடு கதைத்தார். கதவு திறந்திருந்தது, தொலைபேசி ஸ்பீக்கரில் இருந்தது. "அவ பாவம் மச்சான், குளிருக்குள்ளை ஏன்... ஒரு மணித்தியாலத்திலை எழும்பி வந்திடுவா, அதோடை இடம் ரெண்டு பேருக்கும் இல்லாமப் போடும். இப்பவே மாத்தினா எங்களுக்குள்ளையாவது இருக்கும்."

அது நியாயமான வாதம். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். "அவ எழும்பமாட்டா" என்றார் கேதாரன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு கிரிக்கெட் கதைத்தார்கள்.

செப்டம்பர் 26, வெள்ளி

பற்றறிகள் நிறைந்துவிட்டன. ஒவ்வொன்றையும் அளந்து, துணியில் சுற்றி, குளிர்பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். குளிர்பெட்டி குளிரையும் உள்ளே விடாது. மின் அளவுமானி கோட்டுப் பையில். மல்லிக் கோப்பி ஒரு பெரிய பிளாஸ்கில். குடிப்பதாக இல்லை. ரொய்லெற் இல்லாத இடத்தில் மதியம் வரை அசையாமல் இருக்க வேண்டுமென்றால் குடிக்காமல் இருப்பதுதான் புத்தி. பிளாஸ்க் இருக்கிறது என்ற தைரியம் போதும்.

நாளை என்ன நடக்கும் என்று எனக்கு ஒரு கணக்கு இருக்கிறது. பயத்துக்கு இடம் கொடுக்காமல் எழுதிவிடுகிறேன். வாத்துகள் நிற்கும். பரமண்ணை என்னைப் பார்க்காமல் "பற்றறி" என்பார். நான் அளந்து காட்டுவேன், அவர் நம்பமாட்டார். வாத்து ஒன்றும் வராது, அல்லது வந்து, யாராவது சுட்டு, நான் குமட்டிச் சத்தி எடுப்பேன். விரல் மரத்துப்போகும். பரமண்ணை நல்ல மனதோடு என்னைத் தன் வான் வண்டிக்குள் போகச் சொல்வார். நான் போகமாட்டேன்.

கடைசி வசனம் மட்டும் கணக்கில்லை, முடிவு.

செப்டம்பர் 27, சனி

நான் கணித்தது முதல் அரை மணித்தியாலம் அப்படியே நடந்தது.

வானின் பின்னிருக்கையில் வாத்துகளுக்குப் பக்கத்தில் எனக்கு இடம். ஹீற்றர் போட்டிருந்தார்கள். வழி முழுக்க அதே எண்ணெய் மணம். கோட்டில் இருந்து வருகிறது என்று நினைத்து, யன்னலை ஒரு விரல்கடை இறக்கினேன். "தங்கச்சிக்கு இப்பவே காத்து வேணுமாம்" என்றார் பரமண்ணை.

கழகத்தின் வாசலில் ஒரு கிழவர் எங்கள் குடிலின் இலக்கத்தைக் கேட்டார், என் முகத்தை டோர்ச் அடித்துப் பார்த்தார், மதியம் படகில் வருவேன் என்றார். அவ்வளவுதான்.

குடில் நான் நினைத்ததைவிடச் சின்னது. இருக்க ஒரு வாங்குப் பலகை, முன்னால் நாணல். கிழக்கு வெளிக்கத் தொடங்கியபோது தயாபரன் மார்பளவு றப்பர் உடுப்போடு தண்ணீருக்குள் இறங்கினான். வாத்துகளை ஒவ்வொன்றாக நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு போய்க் கம்பியில் குத்தினான்.

சுவிட்சைப் போட்டான். மாப்பிள்ளை ஒருதரம் முனகி, சிறகைக் கால்வாசி திருப்பி, நின்றது. பொம்பிளை அசையவே இல்லை. தோழன் கொஞ்சம் ஓடிப் பார்த்து மெல்ல மெல்ல ஓய்ந்தது.

"மாப்பிள்ளைக்குத் தாலி கட்ட விருப்பமில்லைப்போல" என்றான் தயாபரன்.

பரமண்ணை துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "பற்றறி" என்றார்.

"மாப்பிள்ளையை இஞ்சை கொண்டுவா" என்றேன்.

"விடுங்கோ தங்கச்சி. இதுகும் வழக்கம்தானே."

"தயாபரன், கொண்டுவா."

கொண்டுவந்தான். மடியில் வைத்துப் பற்றறியைக் கழற்றி அளவுமானியின் இரண்டு முனைகளையும் வைத்தேன். நேற்று வீட்டில் காட்டியதைத்தான் காட்டியது. "பரமண்ணை, இதை வாசியுங்கோ."

"கண்ணாடி கொண்டுவரேல்லை."

"கண்ணாடி இல்லாமலோ வாத்துச் சுடப்போறியள்?" என்றான் தயாபரன். குனிந்து தானே வாசித்தான். "ஆறு தசம் நாலு. அப்ப என்ன?"

"முழுசா நிறைஞ்சிருக்கு எண்டு அர்த்தம். பற்றறியிலை பழுதில்லை."

சொல்லிவிட்டேனே தவிர, பிறகு எங்கே பழுது என்று எனக்கும் தெரியவில்லை. சிறகை விரலால் தள்ளினேன். நகரவில்லை. வலிமையாகத் தள்ளினேன். உறைந்த மெழுகுக்குள் இருந்து எதையோ இழுப்பதுபோல ஒரு துளி நகர்ந்தது. பேஸ்மென்டில் இதே சிறகை ஊதினால் சுற்றும். வயிற்று மூடியைத் திறந்தேன். தேங்காயெண்ணெய் மணம் முகத்தில் அடித்தது.

நான் கோட்டை முகர்ந்தேன். பிறகு வாத்தை முகர்ந்தேன். அவர்கள் இரண்டு பேரும் என்ன நினைத்தார்களோ தெரியாது.

சிறகுத் தண்டைச் சுற்றி வெள்ளையாகக் கட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன்.

"பரமண்ணை, இது என்ன?"

"எண்ணெய்."

"என்ன எண்ணெய்?"

துப்பாக்கியை மடியில் வைத்தார். "தேங்காயெண்ணெய்தான். கிறீஸ் மணத்துக்கு வாத்து கிட்ட வராது, தங்கச்சி. அதுக்கு அப்பிடி மூக்கு. பொருளாதாரத் தடைக் காலத்திலை எஞ்சின் ஒயில் ஒரு சொட்டு இல்லை. நான் தேங்காயெண்ணெய் விட்டுத்தான் மோட்டார் சைக்கிள் ஓட்டினனான். கொடிகாமத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும். ஒருநாளும் நிண்டதில்லை."

"அது கொடிகாமம், பரமண்ணை. இஞ்சை இப்ப ஆறு டிகிரி."

இந்த நாட்டில் தேங்காயெண்ணெய்ப் போத்தலை வெந்நீருக்குள் வைத்து இளக்காத தமிழ் வீடு ஒன்று இல்லை. பரமண்ணையின் மனைவியும் தினமும் செய்வார். கராஜின் சூட்டுக்குள் வைத்து விடும்போது அது தண்ணீர் மாதிரி ஓடியிருக்கும். என் சூடாக்கிக்குப் பக்கத்திலும் அப்படித்தான். ஏரிக்கு வந்ததும் கல். மோட்டார் அந்தக் கல்லோடு மல்லுக்கட்டிப் பற்றறியைக் குடித்து முடித்திருக்கிறது, ஒவ்வொரு வருடமும்.

"அப்ப சில வருசம் பிறகு தன்பாட்டிலை ஓடினதே?" என்று கேட்டார், விடாமல்.

"அண்டைக்கு வெய்யில் எறிச்சிருக்கும்."

தயாபரன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தான். வாத்துக்குக் கேட்கக்கூடாதாம். தோள் குலுங்கிக் கண்ணால் தண்ணீர் வந்தது. "ஒன்பது வருசம், பரமண்ணை! ஒன்பது வருசம் அந்த மனிசியைப் பற்றறி அக்கா எண்டு..."

"வாயை மூடடா."

நான் பிளாஸ்கைத் திறந்தேன். மல்லிக் கோப்பியை மாப்பிள்ளையின் தண்டில் சொட்டுச் சொட்டாக ஊற்றி, இளகியதைக் கோட்டுக் கையால் துடைத்தேன். மறுபடி ஊற்றினேன். பொம்பிளைக்கும் தோழனுக்கும் ஊற்றியபோது பிளாஸ்க் காலி. சிறகை விரலால் தட்டினேன், சுற்றியது. எண்ணெய் எதுவும் விடவில்லை. ஒரு காலைக்கு எண்ணெய் இல்லாமல் ஓடினால் ஒன்றும் ஆகாது.

"நெஞ்சோடை அணைச்சுக் கொண்டுபோ, முனை தண்ணியிலை படாமல்" என்றேன்.

"அது கேதாரண்ணை பழக்கினது. அவர் எப்பவும் இப்பிடித்தான் கொண்டுபோவார், பிள்ளையைத் தூக்கிற மாதிரி."

நான் கோட்டின் நெஞ்சுப் பக்கத்தைத் தொட்டுப் பார்த்தேன், இத்தனை வருடம் கேட்காத கேள்விக்கு அதுதான் பதில்.

மூன்றும் ஓடின. தண்ணீருக்கு மேல் வெள்ளையும் கறுப்பும் மாறி மாறி மின்னியது. பொய் என்று தெரிந்த எனக்கே இறங்குவதுபோல இருந்தது.

பரமண்ணை கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, நான் கணித்த அதே குரலில், "கோப்பியும் முடிஞ்சுது. கை நீலமாப் போச்சுது, பாருங்கோ. வானுக்குள்ளை போய் இருங்கோ தங்கச்சி, ஹீற்றர் போட்டுவிடுறன். ஆர் பாக்கப்போகினம்?" என்றார்.

"நான் பாப்பன்" என்றேன். "எனக்குத் தெரியும் நான் இருந்தனானோ இல்லையோ எண்டு. இருக்கிறன்."

வாத்துகள் வந்தன. முதலில் சத்தம், பிறகு நாணலுக்கு மேலால் வளைந்து இறங்கின. சுட்டார்கள். காது அடைத்தது. பங்கருக்குள் இருந்து வானத்தைப் பார்ப்பது எனக்குப் புதிதில்லை. மேலே வருவது எங்களைக் கொல்ல வரவில்லை என்பதுதான் புதிது. அது எனக்குப் பிடிக்கவில்லை. ஒன்று விழுந்து சாகாமல் சுற்றிச் சுற்றி நீந்தியது. தயாபரன் போய் அதை முடித்தான். நான் முகத்தைத் திருப்பவில்லை. சத்தி எடுக்கவில்லை. ஓடவைத்தது நான்தான். பார்க்காமல் இருக்க எனக்கு உரிமையில்லை.

பிறகு குளிர். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அவர்கள் சாண்ட்விச் சாப்பிட்டார்கள். காலை மாறி மாறி மிதித்துக்கொண்டிருந்தேன். பரமண்ணை தன் கையுறைகளைக் கழற்றி வாங்கில் எனக்கும் அவருக்கும் நடுவில் வைத்தார். போடுங்கோ என்று சொல்லவில்லை. நான் எடுத்துப் போட்டேன்.

மதியம் கிழவர் படகில் வந்தார். இடம் யாருடையது என்றார். நான் என் பெயரையும் கேதாரனின் பெயரையும் சொன்னேன். அவர் என்னை விட்டுவிட்டுப் பரமண்ணையைப் பார்த்து, இந்த அம்மா விடிந்ததிலிருந்து இங்கேதான் இருந்தாரா என்று கேட்டார். என் பேச்சு போதவில்லை அவருக்கு.

பரமண்ணை தண்ணீரைப் பார்த்தார். சுழன்றுகொண்டிருந்த மாப்பிள்ளையைப் பார்த்தார். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும், வரிசை ஒரு இடம் முன்னுக்கு நகரும். ஏழெட்டு வருடம் அதே வரிசையில் நின்று இடம் கிடைக்காத மனிதர்.

"ஒரு அடி நகரவில்லை" என்றார் ஆங்கிலத்தில். பிறகு தமிழில், எனக்கு மட்டும், "சொல்லியும் கேக்கேல்லை" என்றார்.

இடம் எங்கள் பெயரில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்தபோது கேதாரன் யன்னலோரம் இல்லை. கடிதப்பெட்டியையும் தாண்டி, தெருமுனையில் நின்றுகொண்டிருந்தார், வீட்டுச் செருப்போடு. வான் வருவதைப் பார்க்க வந்தாராம். நடந்துகொண்டே தேங்காயெண்ணெய்க் கதையைச் சொன்னேன். நின்று, தையல் போட்ட இடத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சிரிக்கவைக்காதையும் சுபத்திரா, நோகுது." பிறகு சிரிப்பு நின்றது. "ஒவ்வொரு வருசமும் உம்மையெல்லோ கேட்டனான்" என்றார்.

"ஓம். கேட்டனீங்கள்."

அடுத்த சொல்லைத் தேடிக்கொண்டு என்னோடு நடந்தார். நான் அவருக்கு உதவி செய்யவில்லை.

மோட்டார் வாத்துகளைப் பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் விட்டுக் கழுவிக் காயவைத்திருக்கிறேன். இனி எண்ணெயும் என் பங்கு. வானால் இறங்கும்போதே பரமண்ணையிடம் சொல்லிவிட்டேன்.

கோட்டைக் கழற்றி, கராஜுக்குக் கொண்டுபோகாமல், படுக்கையறை அலுமாரியில் என் உடுப்புகளுக்குப் பக்கத்தில் மாட்டினேன். கேதாரன் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது மணக்குமே. ஏன் உள்ளுக்கை?"

"மணக்கட்டும்" என்றேன்.